கசங்காத விரிப்பு

சின்னவளின் அப்பாவுக்கு,

அன்புடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று சின்னவள் தினமும் கேட்கிறாள். போன கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் மூச்சே விடவில்லை. பெரியவன் கணக்கில் தேறிவிட்டான். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அவனாலேயே நம்ப முடியவில்லை. சமையலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

மூன்று முறை தொலைபேசியில் நெட்டையண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று முறையும் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது. வாயால் சொல்லத் தைரியம் வராமல்தான் எழுதுகிறேன். உங்கள் அணியில் உங்களுக்குக் கீழே பதினோரு வருடம் இருந்த மனிதர் தெருவில் படுக்கிறார், மழைக்கு முன்னால் எப்படியாவது ஒரு கூரைக்குள் கொண்டுவந்துவிடு என்று என்னிடம் ஒப்படைத்தீர்கள். கொண்டுவந்தேன். பிறகு நானே அவரை வெளியே அனுப்பிவிட்டேன். முழுவதும் படித்துவிட்டு எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டுங்கள்.

அவரைக் கண்டுபிடித்தது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், பழைய டயர் அடுக்கியிருக்கும் கொட்டகையில். ராணுவப் பணிவிடுப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டி வைத்திருந்தார். முதலில் என்னோடு பேசவே மாட்டேன் என்றார். உங்கள் அணியின் புகைப்படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார் இன்னும் அந்த மீசைய வச்சிருக்காரா?" என்று கேட்டார். அதன் பிறகு ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் என் பின்னாலேயே, வீடில்லாத முன்னாள் வீரர்கள் தங்கும் எங்கள் விடுதிக்கு வந்தார். பன்னிரண்டாம் எண் கட்டிலைக் கொடுத்தோம். அன்று நான் உங்களிடம் எவ்வளவு பெருமையடித்துக்கொண்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

விடுதியில் என் வேலை என்னவென்று நீங்கள் ஒருநாளும் விவரமாகக் கேட்டதில்லை. காலையில் எல்லோரும் சாப்பிடப் போனதும் படுக்கைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போவேன். கட்டிலைப் பார்த்து, படுத்தவருக்கு ஒரு குறி, படுக்காதவருக்கு 'வரவில்லை'. தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். மாமியார் வீட்டில் சொகுசாகப் படுத்துக்கொண்டு இங்கே ஒரு கட்டிலையும் பிடித்து வைத்திருந்த ஒரு மகராசனால் வந்த விதி அது. காப்பாளரிடம் சண்டை போட்டு அந்த விதியை வாங்கியவளே நான்தான்.

முதல் நாள் காலை பன்னிரண்டாம் கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. போர்வை செங்கல் மாதிரி மடித்திருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளமே இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. அறையில் இருந்த ஐந்து பேரிடமும் எங்கே இந்த ஆள் என்று கேட்டேன். ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். எங்கேயோ குடித்துவிட்டுக் கிடக்கிறார், இவர்கள் மூடி மறைக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை அலைந்ததற்கு இதுதானா மரியாதை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் 'வரவில்லை' என்று சற்று அழுத்தியே எழுதினேன்.

அன்று சாயங்காலம் கட்டிலைக் காலி செய்யச் சொல்லும் சீட்டைக் காவலாளி அவரிடம் கொடுத்திருக்கிறார். வாங்கிப் படித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், சரிங்க என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே அறையில் இருக்கும் ஒருவர் வந்து என் முன்னால் நின்றார். படையில் சமையல்காரராக இருந்தவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். அன்று தணிந்த குரலில்தான் சொன்னார். அண்ணன் மூன்று இரவும் அங்கேதான் இருந்தாராம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், வெறும் தரையில், காலணியைக் கழற்றாமல் படுத்திருக்கிறார். படையில் அப்படியே படுத்துப் பழகியவருக்குக் கட்டிலில் கண்ணே மூடவில்லையாம். விடிவதற்குள் எழுந்து, படுக்காத விரிப்பை மறுபடி ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பின்கட்டைப் பெருக்கப் போய்விடுவாராம். பின்னே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "கட்டில்ல படுக்கலைன்னு தெரிஞ்சா அனுப்பிடுவீங்கன்னு பயந்தோம்மா. கூட இருக்கறவன நாங்க காட்டிக் கொடுக்க மாட்டோம்" என்றார். அவர்களுடைய விசுவாசமும் என்னுடைய பேனாவும் சேர்ந்து அந்த மனிதரை மழைக்குள் தள்ளிவிட்டன. துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதைவிட இன்னொன்று என்னைக் கொல்கிறது. போன விடுப்பில் நீங்கள் கதவுக்குப் பின்னால் தரையில் படுத்தீர்கள். முதுகுவலி என்றீர்கள். நானும் நம்பித் தைலம் வாங்கி வந்தேன். கட்டிலில் உங்கள் பக்கத்து விரிப்பு கசங்காமல் இருப்பதைப் பார்த்து, விருந்தாளி மாதிரி இருக்கிறீர்களே என்று கேலி வேறு செய்தேன். சொந்த வீட்டில் பார்த்தது எனக்கு அங்கே புரியாமல் போயிற்றே.

அண்ணன் மறுபடி அந்த டயர் கொட்டகையில்தான் இருக்கிறார். தினமும் போகிறேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன, இருமல் அடங்கவில்லை, மருத்துவரிடம் கூட்டிப்போனால் ஊசி ஒன்று போதும் என்று எழுந்து வந்துவிடுகிறார். காலைத் தொடாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க. விதின்னா விதிதான். போன்னு சொன்ன இடத்துக்குத் திரும்பி வரக்கூடாது" என்கிறார். அவர் கட்டிலில் இப்போது ஒரு கால் இல்லாத பையன் படுக்கிறான் என்று தெரிந்ததும், அவனை எழுப்பாதீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

காப்பாளரைப் பிடித்து உலுக்கி, முற்றத்துப் பக்கமுள்ள சாமான் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். கட்டில் கிடையாது. தரையில் மெத்தை, கையெட்டும் தூரத்தில் கதவு. இருபதாம் தேதி வரைதான் வைத்திருப்பேன் என்கிறார் காப்பாளர். அண்ணனிடம் என் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் அவருக்கு எழுதுங்கள். நலம் விசாரிக்காதீர்கள், கெஞ்சாதீர்கள். உள்ளே போய்ப் படு என்று ஒரே ஒரு வரி எழுதி, கீழே உங்கள் பதவியையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் உத்தரவென்றால் அவர் எழுந்து வருவார்.

நீங்கள் ஓய்வு வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துக் கொடுங்கள் என்று விண்ணப்பம் போட்டிருப்பது எனக்குத் தெரியும். உங்கள் அலுவலக எழுத்தரின் மனைவி சொன்னாள். கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஏன் என்று மட்டும் கேட்க மாட்டேன். அண்ணனுக்கு உத்தரவிட நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு உத்தரவிட என்னிடம் பதவி எதுவும் இல்லை, கேட்கத்தான் முடியும். கட்டிலில் படுங்கள், கதவுக்குப் பின்னால் படுங்கள், காலணியோடு வேண்டுமானாலும் படுங்கள். காலையில் நான் விரிப்பைப் பார்க்க மாட்டேன். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி