கேட்காமல் எடுத்த படம்

கேமரா பையின் பக்க அறையில் பேட்டரி தேடியபோது இன்று அந்தத் தாள் கைக்கு வந்தது. கியோட்டோ ரயில் நிலையத்தில் கொடுத்தது. நீதான் நான்காக மடித்து வைத்திருக்க வேண்டும்; நான் மடித்தால் ஓரம் இப்படிச் சேராது. அதிலிருந்த எழுத்து நம் இருவருக்கும் தெரியாது. படங்களே போதுமாக இருந்தன. கிமோனோ அணிந்த பெண்ணைத் துரத்தும் ஒருவன், அவள் கையைப் பிடித்து இழுக்கும் ஒருத்தி, வழியை மறித்து நிற்கும் கேமராக்காரன். மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. மூன்றாவது ஆளைக் காட்டி, "இது நீங்கதான். தொப்பைய மட்டும் கொறைச்சுப் போட்டுட்டாங்க" என்றாய்.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. தாளை விரித்து வைத்துக்கொண்டு ஸ்டுடியோவிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேத்தியைப் பார்க்கத்தான் ஜப்பானுக்குப் போனோம். ஆனால் தருமபுரியில் பெட்டி கட்டிய நாளிலிருந்தே நான் வேறொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளை முகம் தீட்டிய அந்த ஊர் நாட்டியப் பெண்களில் ஒருத்தியை ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால், ஊருக்கு வந்து பெரிதாக்கி ஸ்டுடியோ முன்னால் வைத்துவிடலாம் என்று. அந்தப் பெண்கள் இருக்கும் பழைய தெருவுக்குக் கூட்டிப்போனபோதே மகன் எச்சரித்தான். அவர்கள் விருந்துகளில் ஆடிப் பாடும் கலைஞர்கள், பயிற்சியில் இருக்கும் சின்னப் பெண்களுக்கு மைக்கோ என்று பெயர், சாயங்காலம் வேலைக்கு நடந்து போவார்கள், சந்துக்குள் படம் எடுக்கவே கூடாது, வெளியிலும் கேட்காமல் எடுப்பது மரியாதை இல்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு மரக்கதவு திறந்தது. பதினெட்டு வயதுதான் இருக்கும் அவளுக்கு. உயரமான மரச்செருப்பில் சின்னச் சின்ன அடி வைத்து வேகமாக நடந்தாள். பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதோ. முன்னால் போய் மண்டியிட்டு கேமராவைக் கண்ணில் வைத்தேன். தாழ்ந்த கண், இறுக்கி மூடிய உதடு. விரல் அழுத்தப் போன நேரம் எல்லாம் பழுப்பானது. உன் ஸ்வெட்டர். நடுவில் வந்து நின்றுவிட்டாய்.

"வேலைக்குப் போற பொண்ணுங்க அது. வழிய வுடுங்க."

அந்தப் பெண் உன் பக்கம் லேசாகக் குனிந்துவிட்டுக் கடந்து போனாள். மகன் எதிரில் எனக்கு அவமானமாகப் போயிற்று. முப்பத்தைந்து வருடம் படம் எடுத்தவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று சத்தம் போட்டேன்.

திரும்பும் ரயிலில், ஜன்னலைப் பார்த்தபடிதான் அந்தப் பழைய படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். கல்யாணமான வருடம் ஒகேனக்கல் போயிருந்தோம். குளித்துக் கரையேறி நீ தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, பாறைக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். அதற்குப் பின் அப்படியொரு படம் எனக்கு வாய்க்கவில்லை. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஸ்டுடியோ முகப்பில் வைத்தேன். உன் மேல் இருந்த ஆசை என்றுதான் அதை நினைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் அதைப் பார்த்ததும், காய்கறிக் கடையில் ஒருவன் உன்னைக் காட்டி இன்னொருவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததும், அதன்பின் ரொம்ப நாள் நீ பின் தெரு வழியாகவே சுற்றிப் போனதும் அந்த ரயிலில்தான் எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா? நானும் அப்பிடித்தான் குனிஞ்சுக்கிட்டே போனேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வர்றவங்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவீங்க. அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. எப்பிடிச் சொல்றது?"

கேமராவைப் பார்த்தாலே நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். வெட்கம் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வேறு யார் யார் வீட்டுப் பெண்களையோ ஆயிரக்கணக்கில் எடுத்தவன், நீ ஏன் திரும்பிக்கொள்கிறாய் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து உன்னிடம் கொடுத்தேன். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாய்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

இப்போது ஒன்று எடுக்கட்டுமா என்றேன். மாவுக் கையோடு வேண்டாம், இன்னொரு நாள் என்றாய். தீர்த்தமலைப் படியில் மறுபடி கேட்டேன். மூச்சு வாங்குகிறது, இன்னொரு நாள் என்றாய். வயதுதான் காரணம் என்று இருவரும் நினைத்தோம். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். அங்கே நான் கேட்கவில்லை.

கூடத்துச் சுவரில் இப்போது மாலை போட்டிருப்பது ஜப்பான் போக நான் எடுத்த பாஸ்போர்ட் படம். சிரிக்கக் கூடாது என்று நானே உன்னை மிரட்டி எடுத்தது. பார்க்கிறவர்கள் உன் ஜாடையே இல்லை என்கிறார்கள். ஒகேனக்கல் படத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தருகிறேன், அந்த நெகட்டிவ் எங்கே என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். அது உன்னுடையது. நீ எங்கே வைத்தாய் என்று இன்றுவரை நான் தேடவும் இல்லை.

இப்போதெல்லாம் மணப்பெண்ணிடம்கூட, "எடுக்கலாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். கூலிக்கு வந்தவன் இதையெல்லாமா கேட்பான் என்று சிரிக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்வதற்குள் ஒரு நொடி கிடைக்கிறது. இன்றைக்கு எடுங்க என்று நீ சொல்ல மாட்டாயா என்று அந்த ஒரு நொடியும் காத்திருக்கிறேன்.