தலைவர் இல்லாத ஊராட்சி

2025 ஜனவரி 5, ஞாயிறு

இன்றோடு பதவிக்காலம் முடிந்தது. ஆரணியை ஒட்டிய இந்தச் சின்ன ஊராட்சிக்கு ஐந்து வருடம் தலைவராக இருந்தேன். அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு தனி அலுவலர் பார்த்துக்கொள்வாராம். அவருக்கு எங்களைப் போல இன்னும் எத்தனையோ ஊர்.

நெசவாளர் தெருவில் சாக்கடைக்குள்ளே போகும் குடிநீர்க் குழாயை மாற்ற வேண்டும் என்று போன மாதம்தான் தீர்மானம் போட்டோம். இனி அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும்.

ஜனவரி 20

தண்ணீரில் நாற்றம். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். தனி அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க இப்ப தலைவர் இல்லீங்களே. ஒரு மனு குடுத்துட்டுப் போங்க."

நகராட்சியில் கேட்டேன். எங்கள் ஊர் அவர்கள் எல்லைக்குள் இல்லை என்றார்கள். அது உண்மைதான். ஊரை நகராட்சியோடு சேர்க்கப் போவதாக ஒரு பேச்சு. அதனால் புதுக் குழாய்க்கு இப்போது செலவு செய்ய யாருக்கும் மனசில்லை.

ஜனவரி 27

தொட்டி ஆபரேட்டர் அன்பரசு வந்தான்.

"தெருவுல பாதிப் பேருக்கு வயித்தால போயிகினு கீதுக்கா. வால்வ மூடிடட்டா?"

மூடு என்றேன். அவனே தயங்கினான். "ஆபீஸ்ல கேட்டா இன்னா சொல்றது? உங்க பேர சொன்னா ஒத்துக்க மாட்டாங்களே."

மூடவில்லை.

வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள்: "தலைவரம்மாவுக்குப் பதவி போனதே இன்னும் தெரியல."

பிப்ரவரி 2

அண்ணி அம்மணியை ஆட்டோவில் ஏற்றினோம். கண் உள்ளே போய்விட்டது. என் கையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை.

பிப்ரவரி 3

அண்ணி போய்விட்டாள்.

பிப்ரவரி 4

பிணத்தின் பக்கத்தில் வைத்தே அண்ணன் சுப்பராயலு கேட்டான்: "அஞ்சி வருசம் நாற்காலில குந்திகினு இருந்தியே, இன்னாத்தக் கிழிச்ச?"

என்ன சொல்ல? தீர்மானம் போட்டேன் என்றா?

அண்ணியை எடுத்ததும் நேரே தொட்டிக்குப் போனேன். அன்பரசு கையிலிருந்த சாவியைப் பிடுங்கி வால்வை நானே மூடினேன். யாரக் கேக்கணும்? இன்னும் எத்தினி பேரு சாவணும்?

சாவி என்னிடமே இருக்கிறது. தரமாட்டேன்.

பிப்ரவரி 6

தண்ணீர் இல்லாமல் ஊரே பேஜார். பெண்கள் குடத்தோடு வயல் கிணற்றுக்கு நடக்கிறார்கள். யாரோ போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "எந்த அதிகாரத்துல மூடினீங்க?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். எந்த அதிகாரமும் இல்லைதான். வழக்குப் பதிந்தாயிற்று. என் வீட்டுக்காரர் முன்ஜாமீனுக்கு அலைகிறார்.

பிப்ரவரி 19

குழாயை மாற்றுகிறார்கள். தனி அலுவலரே வந்து நின்றார். எங்கள் பழைய தீர்மானத்தின்மேலேயே கையெழுத்துப் போட்டாராம். வேறொன்றும் தேவைப்படவில்லை.

ஜூன் 11

முதல் வாய்தா. வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்க முன்னாலேயே போய்விட்டார். தெருவிலிருந்து யாரும் வரவில்லை. பஸ் கிளம்பும்போது சுப்பராயலு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணியை எடுத்த நாளிலிருந்து என்னோடு பேசாதவன்.

"நீ எதுக்குண்ணா?"

"நம்ம வூட்டு ஆளு ஒருத்தராச்சும் வரணும் இல்ல."

டிக்கெட்டையும் அவனே எடுத்தான். கோர்ட்டில் என் முறை வந்ததும் பேர் கேட்டார்கள். தெய்வநாயகி என்றேன். வேலை கேட்டார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, நெசவு என்றேன்.