விதவைகளுக்கு முன்னுரிமை

1942 ஏப்ரல் 27

அண்ணன் கைலிக் கடையில் பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய காகிதத்தில் இந்த விளம்பரம் இருந்தது. கிழித்து வைத்துக்கொண்டேன்.

"முஸ்லிம் பெண் பாடசாலைக்கு ஹையர் கிரேடு ட்ரெயினிங் பெற்ற உபாத்தியாயினி தேவை. முஸ்லிம் விதவைகளுக்கு முன்னுரிமை. கணவர் உள்ளவர்கள் மனுச் செய்ய வேண்டியதில்லை."

முஸ்லிம், சரி. பெண், சரி. ட்ரெயினிங் சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு தூங்குகிறது. கணவர் விஷயத்தில்தான் இடிக்கிறது. இருக்கிறாரா? ரங்கூன் குடைக் கடையிலிருந்து டிசம்பர் மாசம் வந்ததுதான் கடைசிக் கடிதம். மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நிக்காஹ். எட்டு மாதம் சேர்ந்து இருந்தோம். கப்பலுக்குக் கிளம்பும் அன்று என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "இத வச்சு ஊறுகா ஜாடிய மூடலாம்" என்று சிரித்தார். அந்தக் கோபத்தில் நான் வாசல் வரைகூடப் போகவில்லை. அதை இப்போது நினைத்து என்ன செய்ய?

ஏப்ரல் 28

எனக்கு இந்த வேலை வேண்டும். வேறு யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன். அண்ணன் சம்சாரம் சைனப் மதினி கெட்டவள் இல்லை. உலைக்கு அரிசி அளக்கும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு இல்லாமல் ஒரு கவளம் என் தொண்டையில் இறங்க வேண்டும். அம்புட்டுத்தான்.

அண்ணனிடம் விளம்பரத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "விதவைன்னு போட்டிருக்கே புள்ள" என்றான். தெரியாதா எனக்கு?

ஏப்ரல் 30

முதல் மனுவை எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். "கணவர் ரங்கூனில் உள்ளார், யுத்தத்தால் தகவல் இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன்.

பக்கத்து ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை முத்திருளன், உசிலம்பட்டிக்காரர், தபாலில் சேர்க்கும் முன் வாங்கிப் படித்தாராம். அவர் இதுவரை இருபது வேலைக்கு மனுப் போட்டவர். ஒன்றும் கிடைத்ததில்லை. அதனால் இந்தத் தெருவில் மனு விஷயத்தில் அவர்தான் அனுபவசாலி. மாட்டாஸ்பத்திரி வேலைக்கு 'மாடுகளோடு பிறந்து வளர்ந்தவன்' என்று எழுதினாராம். மில் வேலைக்கு எழுதும்போது மாடு என்ற பேச்சையே எடுக்கவில்லையாம்.

"மனுங்கிறது சட்ட மாதிரி பாய். அவுக ஒடம்புக்கு அளவெடுத்துத் தைக்கணும். விதவ வேணும்னு கேக்குறாக. நீங்க புருசன் இருக்காருன்னு ஆரம்பிச்சா எவன் அடுத்த வரியப் படிப்பான்?"

அண்ணன் இதை அப்படியே வந்து சொன்னான். மதினி அரிசியை அளந்துகொண்டே தலையாட்டினாள்.

மே 2

அண்ணன் பள்ளிவாசலுக்குப் போய், யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறான். புருஷன் காணாமல் போனால் எப்போது அவரை மௌத்தானவர் என்று வைத்துக்கொள்ளலாம்? பழைய கிதாபுப்படி, காணாமல் போனவரின் வயதுக்காரர்கள் எல்லாரும் செத்து முடிந்த பிறகுதானாம்.

என் வீட்டுக்காரர் வயதுக்காரர்களில் பாதுஷா ஒருவர் போதும். கறிக்கடை வைத்திருக்கிறார், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். அவருக்கு நூறு வயசு ஆயுசு. நான் மனுப் போடுவதற்குள் எனக்கே பென்ஷன் வயசு வந்துவிடும்.

மே 3

இன்று இந்த வீட்டில் என் புருஷனுக்கு மௌத்துத் தேதி குறித்தார்கள். கல்யாணத் தேதிக்குக்கூட இம்புட்டு யோசனை நடக்கவில்லை.

ரங்கூனில் முதல் குண்டு விழுந்த டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதியை வைத்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன். முடியாது. அவனியாபுரத்து நல்லகாமன் அங்கே அரிசி ஆலையில் இருந்தவர், ஜனவரியில் கப்பலேறி வந்தார். இருபதாம் தேதி துறைமுகத்தில் என் வீட்டுக்காரர் டிக்கெட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஊர் பூராவும் சொல்லியிருக்கிறார். ஆகவே அதற்கு முன்னால் சாக வழியில்லை.

அதற்கு ரொம்பப் பின்னாலும் சாகக் கூடாது. புருஷன் மௌத்தானால் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். பாடசாலை ஜூன் எட்டாம் தேதி திறக்கிறது.

"ஜனவரி இருபதே போடு. நல்லகாமன் கப்பல் ஏறுனதுக்கு அப்புறம், சாயங்காலமா" என்றாள் மதினி. "மே கடைசியில இத்தா முடிஞ்சிரும். ஒரு வாரம் கையில நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனதும் அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. மனுஷர் எங்கேயோ உயிரோடு நடந்துகொண்டிருந்தால்? நாங்கள் சொன்ன சொல் பலித்துவிட்டால்? யா அல்லா, இது வேலைக்காக மட்டும்தான். நிஜத்தில் அவரை எதுவும் செய்துவிடாதே.

மே 4

எழுதிவிட்டேன். "மர்ஹூம் ஜலால் அவர்களின் மனைவி." காலமானவர் என்று சொல்கிற அந்த மர்ஹூமில் மை கொட்டிவிட்டது. வேறு தாளில் எழுதினேன். இரண்டாவது தடவை ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 16

கமிட்டியிலிருந்து கார்டு. இருபதாம் தேதி நேரில் வரவேண்டுமாம். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டோம். இருபதாம் தேதி நான் இத்தாவில் அல்லவா இருக்கிறேன்! இருபத்தெட்டு வரைக்கும் வெளியே போகக் கூடாதே!

அண்ணன் பதில் எழுதினான்: "என் சகோதரிக்கு இத்தா முடியவில்லை, முடிந்ததும் வருவாள்." வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

மே 21

வேலை போகவில்லை! கமிட்டி காரியதரிசி ஹாஜியார் அந்தப் பதிலை வந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டினாராம். "வேலைக்காக மார்க்கத்த விடாத பொம்பளப்புள்ள. இப்படிப்பட்டவக கையிலதான் நம்ம புள்ளைகளக் குடுக்கணும்." எனக்காக முப்பதாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அதனால் இப்போது நிஜமாகவே வீட்டுக்குள் இருக்கிறேன். தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது. சபியா மாமி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

மே 30

கமிட்டி திரைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். முகம் தெரியாத ஆளின் துக்கத்தைக் குரலில் தேடினார்கள்போல. பாடத்தைப் பற்றிக் கேட்டது இரண்டே கேள்வி. மர்ஹூம் எப்படிப்பட்டவர் என்று கேட்டதுதான் அதிகம். "குடையை நாணயமாக விற்றார்" என்றேன். வேறு என்ன தெரியும் எனக்கு? எட்டு மாதம்தானே.

ஹாஜியார் கையேந்தி அவருக்காக துஆ கேட்டார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது.

ஜூன் 8

முதல் நாள். தெரு முனையிலிருந்து திரை போட்ட பள்ளிக்கூட வண்டி. உள்ளே பிள்ளைகளோடு நானும் நசுங்கிக்கொண்டு போனேன். ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்துவிட்டு வந்த வீட்டுப் பிள்ளைகள் பாதி. ஒருத்தி நாள் பூராவும் என் துப்பட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பாடம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை.

ஜூலை 12

மதினி இப்போது பெருமூச்சு விடுவதில்லை. எனக்கு இரண்டாம் தடவை சோறு வைக்கிறாள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. மௌத்தான பிறகு என் புருஷன் ரொம்ப நல்லவராகிவிட்டார். ஐந்து வேளை தொழுகை தவறாதவராம், அதிர்ந்து பேசாதவராம். தெருவே சொல்கிறது. உயிரோடு இருந்த காலத்தில் பத்திரிகையை யார் முதலில் படிப்பது என்று தினமும் என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷர். இவர்கள் சொல்லுகிற ஜலாலை எனக்குத் தெரியாது. பத்திரிகைக்கு மல்லுக்கு நின்றவரைத்தான் மனசு தேடுகிறது. இப்போது பத்திரிகையை நான்தான் முதலில் படிக்கிறேன். ஒரு ருசியும் இல்லை.

ஆகஸ்ட் 30

சாயங்காலம் வண்டியைவிட்டு இறங்கினேன். வாசற்படியில் ஒரு பக்கீர் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலும் தாடியும், காலில் கட்டு. கையில் சில்லறை இல்லை. "மாப் பண்ணுங்க பாவா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

"லத்தீபா, ரங்கூன்லேர்ந்து நடந்து வந்தவனுக்கு மாப்பா?"

முதலில் வந்தது சந்தோஷம். அல்லா மேல் சத்தியமாகச் சந்தோஷம்தான். அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்து வந்தது, ஐயோ வேலை போச்சே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட நேரமில்லை. என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அசாம் வரைக்கும் காட்டு வழி. பாதித் தூரம் ஒரு குடும்பத்துக்கு மாட்டு வண்டி ஓட்டியிருக்கிறார், மாடு செத்த பிறகு நடை. அப்புறம் காய்ச்சல், ஆஸ்பத்திரி, ரயில். அண்ணன் "மாப்ள! மாப்ள!" என்று கட்டிக்கொண்டு அழுதான். மதினி ஓடிப்போய் இன்னொரு ஆளுக்கு உலை வைத்தாள்.

ஆகஸ்ட் 31

மறைத்து என்ன பயன்? மனு நகலை எடுத்துக் கையில் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. எனக்கே அழுக வருது" என்றார். "எந்தத் தேதியில என்னய முடிச்சீங்க?"

"ஜனவரி இருபது, மச்சான்."

மனுவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அன்னைக்குத்தான் கப்பல்ல எடம் இல்லன்னு தள்ளிவிட்டாங்க. செத்துரலாம்னுதான் இருந்துச்சு. தேதியச் சரியாத்தான் போட்டிருக்கீங்க."

கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் தேவலை. டிரங்குப் பெட்டியைத் திறந்து என் சர்டிபிகேட்டை எடுத்தார். தோள் துண்டால் துடைத்துவிட்டு, மடியாமல் திரும்ப வைத்தார்.

செப்டம்பர் 1

வேலையை விடுகிறேன் என்று சொல்ல ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். எனக்கு முந்தியே செய்தி போயிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

"அல்ஹம்துலில்லாஹ். ரொம்பச் சந்தோசம் மகளே." ஒரு இருமல். "ஆனா மனுசன் இம்புட்டு அவசரமா வந்திருக்க வேணாம்."

நான் பொய் எழுதியதற்கு மாப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. அவருக்கு அவர் கவலை. பாடசாலை நடப்பது பட்டணத்து விதவை ஆதரவு நிதி ஒன்றின் தயவில். அந்த நிதிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு விதவைக்காவது வேலை கொடுக்கும் பாடசாலைக்குத்தான் பணம் தருவார்களாம். "அதுக்காகத்தான் விளம்பரத்துலயே அப்படிப் போட்டோம். பெருநாள் கழிச்சுப் பாக்க வாராக. ஒங்க பேருதான் எழுதி அனுப்பியிருக்கு. நீங்க விதவை இல்லன்னா பள்ளிக்கூடமே இல்ல மகளே."

அட! நாங்கள் விளம்பரத்துக்கு அளவெடுத்துத் தைத்தோம். இவர்கள் விளம்பரத்தையே நிதிக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். முத்திருளன் கேட்டால் கும்பிடுவார்.

"நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அவுக வந்துட்டுப் போற வரைக்கும் ஒங்க வீட்டுக்காரரு காகிதத்துல மட்டும் மர்ஹூமாவே இருக்கட்டும். அதுக்கப்புறம் கமிட்டியில பேசி நிதிக்காரவுகளுக்கு உள்ளத எழுதிருவோம்." மறுபடியும் இருமல். "அவருக்குத் தொழில் ஒண்ணும் இல்லையில்ல? நம்ம வண்டிக்காரன் பட்டாளத்துல சேர்ந்துட்டான். பொம்பளப்புள்ளைக ஏறுற வண்டி. கமிட்டி சட்டப்படி குடும்பஸ்தனா இருக்கணும், கல்யாணமாகாதவன், பொண்டாட்டி இல்லாதவன் எல்லாம் ஆகாது. ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

வரும் வழியெல்லாம் துப்பட்டிக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். நாற்பது பிள்ளைகளும் எனக்கு இருக்கிறார்கள்.

செப்டம்பர் 6

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மனு எழுத உட்கார்ந்தோம். அவர் சொல்ல, நான் எழுதினேன். குடைக் கடை அனுபவத்தை விட்டுவிட்டோம், வண்டிக்கு அது எதற்கு? "பர்மாக் காட்டு வழியில் மாட்டு வண்டி ஓட்டிய பழக்கம் உண்டு" என்று போட்டோம். அந்த வண்டி எங்கே நின்றது என்று போடவில்லை.

"குடும்ப நெலமைன்னு ஒரு எடம் விட்டிருக்கியே, அங்க என்ன?" என்றார்.

"மனுதாரர் விவாகமானவர். மனைவி உயிரோடு இருக்கிறாள்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா படி."

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வெறுமனே உயிரோட இருக்கான்னா எப்புடி? நல்லா இருக்கான்னு சேத்துக்க."

சேர்த்துக்கொண்டேன்.