பொறுப்புக் கோச்

நவம்பர் 5, புதன்

ஏஸி போடாமல் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன். வெயில் இறங்கிவிட்டது. இனி மார்ச் வரை இந்தத் துபாயில் மனிதன் வாழலாம்.

காலை முழுக்க ஹெல்மெட் கழுவும் வேலை. சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தும் நாற்றம் போகவில்லை. பையன்கள் தலையில் என்னத்தைத்தான் தடவுகிறார்களோ.

செய்ய வேண்டியவை: மணிக்கட்டுக்குச் சுற்றும் டேப். சவூதியிலிருந்து வரும் தம்மாம் டீம் தங்க ஹோட்டல். கிரவுண்டில் வெள்ளைக் கோடு. சுமதிக்குப் போன்.

மதியம் ஸ்போர்ட்ஸ் டைரக்டர் ரீமா மேடம் கூப்பிட்டார். அமெரிக்கக் கோச் மனைவிக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போனதிலிருந்து நான்தான் ‘பொறுப்பு’. தாசில்தார் லீவில் போனால் பொறுப்புத் தாசில்தார் வருவாரே, அந்த மாதிரி. நாற்காலி உண்டு, பேர்ப்பலகை கிடையாது. தம்மாம் மேட்சைப் பார்த்துவிட்டு என்னை நிரந்தரமாக்குவதா, அமெரிக்காவிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவதா என்று சொல்கிறேன் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா, தெரியவில்லை.

எனக்கு வேண்டும். அதை இங்கேயாவது பச்சையாக எழுதி வைக்கிறேன். ஒட்டன்சத்திரத்தில் கபடி ஆடியவன், ஷார்ஜா ஸ்கூலில் பி.டி. சாராக விசில் ஊதியவன், ஒரு காலேஜின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்குத் தலைமைக் கோச். சொல்லிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

அரை நாள்தான். ஜும்மா தொழுகை முடிந்து பையன்கள் வந்து சேர மூன்று மணி. அல் கூஸ் குடோன்களுக்குப் பின்னால் எங்கள் கிரவுண்டு. பக்கத்து வொர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடித்தால் எங்கள் பந்தும் மணக்கிறது.

புது ஏற்பாடு பிரமாதம். பழைய கோச் எந்த ஆட்டம் ஆடப் போகிறோம் என்பதை நிறமும் நம்பருமாகக் கத்துவார். எல்லா டீமுக்கும் அது பாடமாகிவிட்டது. நான் வந்ததும் அதைத் தூக்கிப் போட்டேன். இப்போது முழுக்கத் தமிழ். இட்லி என்றால் பந்தை வைத்துக்கொண்டு நடுவில் முட்டி மோதி ஓட வேண்டும். தோசை என்றால் ஓரமாகச் சுற்றி ஓட்டம். வடை என்றால் நீள எறி.

கத்துவது நவாஸ். பந்தை எறிபவன், டீமுக்கு மூளை. கீழக்கரைக் குடும்பம், ஷார்ஜாவில் கடை. உம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை. இப்போது வாய் நிறைய வடை, வடை என்கிறான். எகிப்துக்காரன் கரீம் ஆறடிக்கு மேல், தடியன். அவன் வீட்டில் கூட நடந்துகொண்டே இட்லி தோசை சொல்கிறானாம். அம்மா பயந்துவிட்டார்களாம்.

ரீமா மேடம் எட்டிப் பார்த்தார். என்ன பாஷை என்று கேட்டார். சொன்னேன். யாருக்கும் புரியாதே என்றார். அதுதானே மேடம் விஷயம் என்றேன். நெஞ்சு நிமிர்த்திக்கொண்டுதான்.

நவம்பர் 8, சனி

சுமதி வந்தாள். ருவைஸிலிருந்து அபுதாபி, அங்கிருந்து இங்கே. இரண்டு பஸ். ருவைஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமானதிலிருந்து எங்கள் குடும்பம் பாதி பஸ்ஸில்தான் நடக்கிறது. ஒரு வாரம் அவள் வருவாள், ஒரு வாரம் நான் போவேன். டூட்டி மாறிவிட்டால் அதுவும், அரபியில் சொல்வது போல, மாஃபி; இல்லவே இல்லை.

மீன் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். ருவைஸ் ஸ்கூலில் பி.டி. மாஸ்டர் வேலை காலி. அவளுக்குத் தெரிந்த டீச்சர் மூலம் கேட்டிருக்கிறார்கள். ஃபேமிலி ஃபிளாட் உண்டு. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

தலைமைக் கோச் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ஆகிவிட்டால் சந்தோஷம் என்றாள். ஆகாவிட்டால்? அதற்கும் சந்தோஷம், ருவைஸ் வந்துவிடுங்கள் என்றாள். பெண்டாட்டி இப்படி எல்லாப் பக்கமும் சந்தோஷம் என்றால் புருஷன் எதைப் பிடித்துச் சண்டை போடுவது.

சரி, ஆகாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு தட்டில் பாதி மீன் மிச்சம். குழம்பு காரணமில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஊரிலிருந்து தம்பி போன். நான் அனுப்பிய வீடியோ பார்த்தானாம். “அண்ணே, ஃபுட்பால்ங்கிற, எல்லாம் கையில தூக்கிட்டு ஓடுறானுக. ஃபவுல் குடுக்க மாட்டாங்களா?” இது கையால் ஆடும் வேறு ஃபுட்பால் என்று இவனுக்கு விளக்கிச் சொல்லி ஏழு வருஷமாகிறது. ஊரில் கேட்பவர்களிடம் அண்ணன் துபாயில் மெஸ்ஸி மாதிரி ஆட்களுக்கு டிரெய்னிங் கொடுக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறான். நான் திருத்தப் போவதில்லை.

பிராக்டிஸ் நல்லபடி. தடுப்பு ஆட்டம் எப்போதும் என் செல்லப் பிள்ளை. ஓடி வருகிறவனின் தொடையைக் கட்டு, உன் தலையை வெளிப்பக்கம் வை, பிடித்தால் விடாதே. கபடியில் எனக்குச் சொன்னதுதான். இந்தத் தொடைப்பிடியைப் பார்த்துத்தான் பழைய கோச் என்னை ஃபிட்னஸ் அசிஸ்டென்ட் வேலையிலிருந்து இழுத்து டீமில் போட்டார். அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். மனைவிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முதுகுவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

காலையில் பனிமூட்டம், பக்கத்து குடோன் தெரியவில்லை. டேப் வாங்கியாயிற்று. ஹோட்டல் ஆயிற்று. கோடு நாளைக்கு.

பழைய கோச் பதில் போட்டார். மனைவி தேறி வருகிறார். ‘உன் டீம், உன் இஷ்டம்’ என்று எழுதியிருந்தார். நாலு தரம் படித்தேன்.

சு. சனிக்கிழமை லீவ் வாங்கிவிட்டாள். மேட்சுக்கு வருகிறாளாம். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. விதிமுறை சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உங்களைப் பார்த்தால் போதும், ஜெயிக்கிறீர்களா தோற்கிறீர்களா என்று மூஞ்சியிலேயே தெரியும் என்றாள்.

நவம்பர் 15, சனி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்

எழுதத்தான் வேண்டும். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

முதல் பாதி. நவாஸ் வடை என்று கத்தினால் தம்மாம் ஆட்கள் முன்கூட்டியே பின்னால் போய் நிற்கிறார்கள். இட்லி என்றால் நடுவில் சுவர் மாதிரி கூடிவிடுகிறார்கள். தோசைக்கு ஓரத்தில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு கரீமைச் சந்தேகப்பட்டேன், பாவம். எதிர் டீமின் நடுத் தடுப்பாளன் ஒருவன், பெரிய உடம்பு. ஒவ்வொரு தடவையும் அவன்தான் கையை ஆட்டி மற்றவர்களை நகர்த்தினான்.

இடைவேளைக்குச் சற்று முன்பு அவன் நவாஸைப் பார்த்துச் சொன்னது எல்லைக்கோட்டில் நின்ற என் காதிலும் விழுந்தது.

“என்ன தம்பி, திரும்பவும் வடையோ?”

யாழ்ப்பாணத்துப் பையன். குடும்பம் தம்மாமில் இருக்கிறதாம். ஹெல்மெட்டுக்குள் யார் மூஞ்சி தெரிகிறது. கல்ஃபில் உட்கார்ந்துகொண்டு தமிழ் யாருக்கும் புரியாது என்று நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். டாக்ஸியில் ஏறினால் தமிழ், டீக்கடையில் தமிழ், சலூனில் தமிழ். கிரவுண்டில் மட்டும் இருக்காதாம். மடையன்.

இடைவேளையில் இன்னொரு மடத்தனம். வடை இனிமேல் இட்லி, இட்லி இனிமேல் தோசை என்று மாற்றிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் ஆட்டத்திலேயே நம் ஆட்கள் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள், கரீம் கீழே. அசையவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது, பிசியோவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். கழுத்தைத் தொடாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து, “கோச், வடை மாஃபி” என்றான். பிசியோ சோதித்துப் பார்த்து, பயமில்லை ஆனால் இன்றைக்கு கலாஸ், ஆட்டம் முடிந்தது என்று அவனை வெளியே உட்கார வைத்தார்.

அதோடு எல்லா சங்கேதத்தையும் விட்டேன். கூடிப் பேசிவிட்டு ஆடுங்கள், நேரம் போனாலும் போகட்டும் என்றேன். தடுப்பு ஆட்டக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒருத்தன் கூட நம் கோட்டைத் தாண்டக் கூடாது என்றேன். தாண்டவில்லை. இரண்டாவது பாதி முழுக்க தம்மாமுக்கு ஒரு புள்ளி கிடையாது. ஒவ்வொரு தொடைப்பிடிக்கும் நானும் எல்லைக்கோட்டில் குனிந்து காற்றைப் பிடித்திருக்கிறேன் போல, சு. சொல்லித்தான் தெரியும்.

ஆனாலும் மூன்று புள்ளியில் தோல்வி.

முடிந்ததும் அந்த யாழ்ப்பாணப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். “குறை நினையாதேங்கோ அண்ணை. நான் காலமை சாப்பிடேல்லை. நீங்கள் சாப்பாட்டுப் பேராக் கத்த, காது தானா இஞ்சால திரும்பிட்டுது.” காலையில் சாப்பிடாத பிள்ளையிடம் இதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது. சு. கொண்டுவந்த புளிச்சாதத்தில் பாதி அவனுக்குப் போயிற்று. மீதியில் நவாஸும் கரீமும்.

ரீமா மேடம் கை கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பேசலாம் என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி, ஆடியவன் நான் என்பது போல. சு.வை பஸ் ஏற்றிவிட்டேன். வழி முழுக்க அதிகம் பேசவில்லை. மேட்ச் பிடித்ததா என்று கேட்டேன். என்ன நடந்தது என்றே புரியவில்லை என்றாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றவனுக்கு ஆறுதல் போல என்று நினைத்துக்கொண்டேன்.

துணி துவைத்தேன். தைலம் வாங்கினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ரீமா மேடம் நல்ல காபி கொடுத்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

ஜனவரியில் புதுத் தலைமைக் கோச் வருகிறார், ஒஹாயோவிலிருந்து. ஒப்பந்தம் மேட்சுக்கு முன்பே மேலிடத்தில் கையெழுத்தாகிவிட்டதாம். மேடத்துக்கே ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னார்களாம். ஜெயித்திருந்தாலும் இதுதான். நான் இருக்க வேண்டும், தடுப்பு ஆட்டம் முழுக்க என் கையில், அதில் புது ஆள் தலையிட மாட்டார் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வருத்தம்தான். மறைப்பானேன். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். சினிமாவில் வருவது போல அழுகையெல்லாம் இல்லை.

பிறகு வாக்கு வாக்குதானே என்று சு.வுக்குப் போன் போட்டேன். ஆகவில்லை, நான் ருவைஸ் வருகிறேன், அந்த ஸ்கூலுக்குச் சரி என்று சொல்லிவிடு என்றேன்.

“அந்த ஸ்கூலுக்கு நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேங்க.”

யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று கத்திவிட்டேன். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் போயிற்றே என்று ஆத்திரம். ஒரே வீட்டில் இருக்கலாம் என்று மனசுக்குள் நானும்தான் பாய் விரித்து வைத்திருந்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “யாரையும் கேக்கல. அந்தப் பையன் விழுந்தப்ப நீங்க ஓடுன ஓட்டத்தப் பாத்தேன். தோத்து நின்னப்பவும் உங்க மூஞ்சியப் பாத்தேன். என்கூட இருக்கறப்ப ஒருநாளும் அப்படி இருந்ததில்ல நீங்க. இங்க வந்து காலைல விசில் ஊதிட்டு, சாயங்காலம் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. அந்த ஆள் எனக்கு வேண்டாம்.”

அப்போ நாம் என்று மட்டும் கேட்டேன்.

“துபாய்ல ரெண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கேன். கிடைக்கிற வரைக்கும் பஸ்தான். போய் அந்தம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டு வாங்க.”

டூட்டி நேரம் என்று வைத்துவிட்டாள். ஜெயமா தோல்வியா என்று மூஞ்சியிலேயே தெரியும் என்றவள், வேறு எதையோ படித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நவம்பர் 19, புதன்

மேடத்திடம் சொல்லியாயிற்று. சந்தோஷமாகச் சொன்னேன், எனக்கே ஆச்சரியம். கரீமுக்கு டாக்டர் இன்னும் ஒரு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். சும்மா பார்க்க வந்தவன் எல்லைக்கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை மாதிரியே கத்திக்கொண்டிருந்தான். பிராக்டிஸ் நடுவில் சு.விடமிருந்து மெசேஜ். ஒரு ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது, அடுத்த புதன், காலை. பையன்களுக்குத் தண்ணீர் இடைவேளை கொடுத்துவிட்டு, அவள் வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்து வைத்துக்கொண்டேன்.