அந்தத் தழும்பு என்னால் வந்ததல்ல

அம்மா,

ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி மூடியைத் திருகும்போது ஒரு வாசனை வருமே, அது இன்று காலையிலிருந்து வீடு முழுக்க இருக்கிறது. உன் பேத்தி, அண்ணன் மகள், அந்தப் பையை அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு என் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இந்த மாதமும் பள்ளிக்கூடம் போகவில்லை.

இது நான் வாங்கிய பை. உன்னுடையது சிவப்பு, பீரோவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நான் வயதுக்கு வருவதற்கு முன்பே அது அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்காக வாங்கியது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் அம்மி இருக்கிறது, ஆட்டுரல் இருக்கிறது, அதைப் போல இதுவும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நீ எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மோரில் வெந்தயம் போட்டுத் தந்தாய். பள்ளிக்கூடத்துக்கு நீயே வந்து லீவு சொன்னாய். என்னைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாய், எங்கே குடைகிறதோ சரியாக அங்கே. கை வலித்தாலும் எடுக்கமாட்டாய். நான் இடம் சொல்ல வேண்டியதே இருக்காது.

வலி தாங்காமல் நான் கத்தும்போது மட்டும் சேலையை விலக்கி அந்தத் தழும்பைக் காட்டுவாய். "இது உன்னையப் பெத்த வழியாக்கும் மக்கா. நான் தாங்கினேன்லா? நீயும் கொஞ்சம் தாங்கு." அடிவயிற்றில் குறுக்காக ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் வாய் அடைத்துவிடும். உன்னைக் கிழித்துக்கொண்டு வந்தவள், எந்த முகத்தோடு எனக்கு வயிறு வலிக்கிறது என்று உன்னிடம் சொல்வது?

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் நாகர்கோவிலில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லியிருந்தாய். அதை நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். பரீட்சை மாதத்தில் அதிசயமாக வலி லேசாக வந்து போய்விட்டது. ஒரே ஒரு மாதம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாய்.

"என் மகளுக்கு மாதாமாதம் இருந்த வேதனையைக் கர்த்தர் பரிபூரணமாய் நீக்கிப்போட்டார்" என்றாய், வீட்டில் ஒருநாளும் பேசாத சுத்தத் தமிழில். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. போதகர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். எதிர்ப்பக்கம் என்னோடு டியூஷன் படித்த பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ.

அடுத்த மாதம் அது வட்டியும் முதலுமாக வந்தது. டாக்டரிடம் எப்போது போகிறோம் என்று கேட்டேன். "சாட்சி சொல்லியாச்சு மக்கா. இனி டாக்டர்ட்ட போனா அது அவிசுவாசம். நீ சந்தேகப்படுகதுனாலதான் திரும்பி வருது" என்றாய். அன்று முதல் வலியும் என்னுடையது, குற்றமும் என்னுடையது.

அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். திற்பரப்பை மன்னிக்க முடியவில்லை. சபைப் பெண்கள் ஐக்கியத்தில் வேன் பிடித்து அருவிக்குப் போனோமே, அந்த நாள். எனக்கு முதல் நாள், வேண்டாம் என்று கெஞ்சினேன். வரவில்லை என்றால் கேட்பார்கள் என்று இழுத்துக்கொண்டு போனாய். எல்லாரும் அருவியில் நிற்க, நான் பாறையில் மடங்கிக் கிடந்தேன். கண் இருட்டி வாந்தி எடுத்தேன். ஈரச் சேலையோடு பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டு, "என்ன பிள்ளே, வயிறு நோவுதா?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "வண்டி பிடிக்காது இவளுக்கு. வளைவு வளைவான ரோடுலா." யாரோ எலுமிச்சம்பழம் தந்தார்கள். அதை என் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் சொன்னது. நானும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கிடந்தேன்.

அதற்குப் பிறகு நான் உன்னிடம் டாக்டர் என்ற பேச்சை எடுக்கவில்லை. வேலைக்குப் போய்ச் சொந்தக் காசு வந்த பிறகும் போகவில்லை. நான் போனால் நீ சபையில் பொய் சொன்னவள் ஆகிவிடுவாய். மாதாமாதம் லீவு கேட்கும் கணக்கு டீச்சரை எந்தத் தனியார் பள்ளி வைத்துக்கொள்ளும்? ஒரு பள்ளியில் வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள், இன்னொன்றில் நானே நின்றுகொண்டேன். உன் சாட்சியைக் காப்பாற்ற நான் கொடுத்தது அவ்வளவும் உனக்குத் தெரியும். தெரிந்தே இடுப்பை அழுத்திவிட்டாய்.

நீ இறந்துபோன மறு வருஷம், வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே விழுந்தேன். சித்திதான், உன் தங்கைதான், என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த டாக்டர் அம்மா பொறுமையாக எல்லாம் கேட்டார். முப்பத்தைந்து வயதில் முதல் முறையாக ஒருவர் என் வலியைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அம்மாவுக்கு இதுபோல உண்டா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

சித்தி மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்காளுக்கு உண்டு டாக்டர்" என்றாள். "துணியக் கடிச்சிக்கிட்டுக் கிடப்பா. கடைசியில கெர்ப்பப்பைய எடுத்தாச்சு. அப்ப இவளுக்கு மூணு வயசு இருக்கும்."

அப்படியானால் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டேன். "அது ஆபரேசன் தழும்புலா. நீ சுகப்பிரசவம் மக்கா, நான்தான் ஆஸ்பத்திரியில கூட நின்னேன்."

திரும்பி வரும்போது களியக்காவிளையில் பஸ் மாற இறங்கினோம். சுற்றிலும் லாரி ஹாரன், தமிழும் மலையாளமுமாக ஆட்களின் கூச்சல். அங்கே நின்றுதான் சித்தி மிச்சத்தைச் சொன்னாள். "எனக்க விசுவாசம் பத்தாமத்தான் கத்தி வச்சாவன்னு அக்கா அழுவா. எனக்க மகளுக்குக் கத்தி வேண்டாம், ஜெபத்துலயே மாறணும்னு சொல்லுவா. உன்மேல உள்ள பாசந்தான், கேட்டியா." அதைக் கேட்டதும் என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. உனக்கு வலித்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு வலித்தபோது நீ சபையில் எழுந்து நின்றாய். உன்னைக் குணமாக்கிய அதே தழும்பைக் காட்டி என் வாயை அடைத்தாய். என்னை ஏமாற்றிவிட்டாய் அம்மா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு எனக்கு வெளியேயும் படர்ந்து, குடலோடு ஒட்டிக்கிடந்ததாம். எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்கொரு பெயரும் இருக்கிறது. சின்னத் துளைகள் போட்டு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது தினமும் ஒரு மாத்திரை. பரிபூரணமாய் நீங்கிவிட்டது என்று நான் எழுந்து நின்று சொல்லமாட்டேன். சில மாதம் எட்டிப் பார்க்கும். ஆனாலும் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறேன், நினைத்த நாளில் பஸ் ஏறுகிறேன். முன்பே செய்திருந்தால் இவ்வளவு ஒட்டியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை நான் சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

நேற்று அண்ணனையும் அவன் மகளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனேன், நீ என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்ன அதே ஊருக்கு. அண்ணன் வழியெல்லாம், "பொம்பளப் பிள்ளையளுக்கு உள்ளதுதானே" என்று முனகிக்கொண்டே வந்தான். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது? பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"இவள் அப்பாவின் அம்மாவுக்கு இருந்தது. வலி தாங்காமல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எனக்கும் இருக்கிறது" என்றேன்.

அண்ணன் நாற்காலியில் திரும்பினான். "அம்மைக்கா? எப்போ?" அவனுக்கும் நீ சொல்லவில்லை. டாக்டர் அவனைக் கவனிக்காமல் பிள்ளையிடம் குனிந்து, எங்கே வலிக்கிறது, எத்தனை நாள், சாப்பிட முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்கேன் எழுதினார். வலி தொடங்கும்போதே போட வேண்டிய மாத்திரை தந்தார்.

இன்று காலை மாத்திரை போட்டு, பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கை தானாக அவள் இடுப்புக்குப் போனது. எங்கே வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. உன்னிடமிருந்து வந்த கைதானே.

"மாமி, பாட்டிக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"வலிச்சுது மக்கா. எனக்கும் வலிச்சுது."

பையை வயிற்றோடு இன்னும் இழுத்துக்கொண்டாள். "அப்ப நான் சும்மா நடிக்கல்ல, இல்லியா?"

"இல்ல மக்கா, நீ நடிக்கல்ல."

அவள் தூங்கிவிட்டாள். நான் கையை எடுக்கவில்லை. எனக்கும் வலிச்சுது என்ற இந்த ஒரு வார்த்தையை நீ எனக்குச் சொல்லியிருந்தால், அன்றைக்கே நானும் இப்படித் தூங்கியிருப்பேன், அம்மா.