சத்தம் குறைத்த பெட்டி

1986 செப்டம்பர் 4
பள்ளிக்கூடம் விட்டதும் மகளை மதினி வீட்டிலிருந்து தூக்கி வந்தேன். கதவைச் சாத்தி, பெட்டியைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். வெளியே கேட்டால் பகல் என்றும் பாராமல் தெருவே வந்து பாய் விரித்துவிடும். மகளின் வாப்பா சவூதியிலிருந்து டீவியும் வீடியோ டெக்கும் அனுப்பிய நாள் முதல் இது வீடில்லை, படக்கொட்டகை. பர்ஸானா வாத்துப் படத்தின் முன்னால் அசையாமல் இருந்தாள். நான் தரையில் அப்படியே படுத்துவிட்டேன். விழித்தபோது பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டது. அவள் அதே இடத்தில். அழவில்லை, சிணுங்கவில்லை. சத்தமே இல்லாத படத்தை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

செப்டம்பர் 19
களைப்பு. எழுத வேறொன்றும் இல்லை.

ஒக்டோபர் 7
தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு இறக்காமம் போன உம்மா இன்னும் வரவில்லை. உதவிக்கு இருப்பது மகளின் மாமி சுபைறா மதினி மட்டும். நான் படிப்பிக்கப் போகும் நேரத்தில் அவர்தான் பிள்ளையை வைத்திருக்கிறார். இன்றைக்கு வாசலில் நின்றே கேட்டார், ஒன்றரை வயது தாண்டிவிட்டதே, ஒரு சொல்லாவது வந்ததா என்று. வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன், என் பிள்ளைக்கு ‘உம்மா’ வரவில்லை.

“நீ படுக்கிறத்துக்காகப் புள்ளய அந்தப் பெட்டிக்கிட்ட குடுத்துட்டாய்கா. அதுதான் அவள் கதைக்கிறாளில்ல.”

கோபம் வரவேண்டும். அதுவும் வரவில்லை. ஓம் மதினி என்றேன்.

ஒக்டோபர் 26
கடிதத்துக்குப் பதிலாக மகளின் வாப்பா குரல் பதிந்து அனுப்புவாரே, அந்தக் கசற் வந்தது. மதினி எழுதிப் போட்டிருப்பார் போல. “பெட்டிய வித்துப்போடு. புள்ள ஊமையாப் போனா நான் என்னத்துக்கு இந்த வெயில்ல கிடந்து வேகுறன்?” என்கிறார். இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். விற்க மனமில்லை. பெட்சீற்றைப் போட்டு மூடிவிட்டேன்.

ஒக்டோபர் 27
பெட்சீற்றைப் பிடித்து இழுத்து, தலையைத் தரையில் அடித்து அழுதாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்ன தாய் நான்?

நவம்பர் 20
பெட்டி மூடியபடியே கிடக்கிறது. நான் பகலில் படுப்பதே இல்லை. சொல்லு மகள், உம்மா — உம்மா — தொண்டை கட்டிவிட்டது. என் வாயையே பார்க்கிறாள், பிறகு சுளகில் கிடக்கிற அரிசியை அளையப் போய்விடுகிறாள். இன்னும் எத்தனை நாள் மூடி வைக்கவேண்டும்? கொஞ்சம் கண்ணயர்ந்ததுக்கு இவ்வளவு தண்டனையா, யா அல்லாஹ்?

டிசம்பர் 11
மதினியின் மகன் பதியுதீனுக்குச் சுன்னத்துக் கலியாணம். ஒஸ்தா மாமா கத்தியை எடுத்ததும், பொடியனின் அழுகை வெளியே கேளாமலிருக்க, வழக்கம்போல் பெண்கள் குரவையிட்டார்கள். முற்றத்தில் சீனவெடி கொளுத்தினார்கள். கைக்குழந்தைகள் எல்லாம் வீரிட்டன. பர்ஸானா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டு வெடியும் வெடித்து முடிந்தது. அவள் இமைகூட அசையவில்லை.

“தங்கமான புள்ளகா, அஞ்சவே இல்ல” என்று பக்கத்து வீட்டு ஜெமீலா கன்னத்தைத் தடவினாள். தடவியதும் பர்ஸானா விழித்துக்கொண்டாள்.

காதுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தேன். மறுபடியும் தட்டினேன். பிறகு பந்தியில் இருந்து சோறு தின்றேன். எல்லாரோடும் சிரித்துக் கதைத்தேன்.

டிசம்பர் 29
மட்டக்களப்புக்குப் போய்க் காட்டினோம். பிறவியிலேயே காது கேட்காது என்றார் டொக்டர். டீவியால் வந்ததா என்று கேட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை ரீச்சர், என்றார்.

பஸ்ஸில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உன்ன வீணாப் பேசிட்டன்கா.” நான் மகளை மற்றத் தோளுக்கு மாற்றினேன். பெட்டியால் வந்தது என்றால் பெட்டியை மூடினால் போய்விடும் மதினி, அந்த நம்பிக்கையில்தானே இருந்தேன். இனி எதை மூடுவது? சத்தம் இல்லாமலே பார்க்கிறாள் என்று பெருமைப்பட்டவள் நான். ஒரு நாளாவது சத்தத்தைக் கூட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

1987 ஜனவரி 9
பெட்சீற்றை எடுத்துவிட்டு வாத்துப் படத்தைப் போட்டேன். படுக்கவில்லை, அவளோடு இருந்தேன். வாத்து சறுக்கித் தண்ணீரில் விழுந்ததும் என் தாடையைப் பிடித்துப் படத்தின் பக்கம் திருப்பினாள். பார்த்தேன். சிரித்தேன். திரும்பவும் வாத்து விழுந்தது, திரும்பவும் திருப்பினாள். அந்த மாதங்களில் நான் தூங்கிக் கிடந்தபோது யாரின் தாடையைப் பிடித்தாளோ.

அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்தவில்லை, சத்தமாகவே அழுதேன். அவள் வாத்தைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டி என் முகத்தைத் தேடினாள்.