அப்துல் மாலிக் என்கிற பேரில்

பாலக்கரை, திருச்சி
12.10.2025

அன்புள்ள பெரியத்தாவுக்கு ஆரிஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் கத்தினதில் என் தொண்டை போனதுதான் மிச்சம். உங்கள் காதில் ஒன்றும் ஏறவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

அத்தா மௌத்தாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பனியன் இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. எடுக்கக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் பாத்திஹாவில் என் தம்பி நஸ்ருல்லா பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "அத்தாவாவது, மிலிட்டரியாவது! ஏழு வருஷம் எங்கயோ பரோட்டா போட்டுட்டு வந்து சண்டைக்குப் போனேன்னு கதை விட்டாரு." இரண்டு பேர் சிரித்தார்கள். கூடப் பிறந்த அண்ணன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தீர்கள். அன்று கேட்க வேண்டாம் என்று விட்டேன். இப்போது கேட்கிறேன். அத்தா பொய்யரா?

ஸ்ரீரங்கத்தில் முன்னாள் ராணுவத்தார் சங்கம் இருக்கிறது. செயலாளர் சண்முகசுந்தரம் சாரைப் போய்ப் பார்த்தேன். டிசம்பர் 16ஆம் தேதி, எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டைக்குப் போனவர்கள் பேரை வாசித்து வீட்டாருக்குச் சால்வை போடுவார்களாம். அத்தா பேரைக் கேட்டால் எந்த லிஸ்டிலும் இல்லை. "நம்பர் இருந்தா ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம்மா" என்றார். ஆஸ்பத்திரியில் ஜுரத்தில் பிதற்றும்போதும் அத்தா ஒரு நம்பரை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தா எந்த வருஷம் சேர்ந்தார், என்ன சர்ட்டிபிகேட் கொண்டுபோனார்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஆரிஃபா

*

மண்ணச்சநல்லூர்
24.10.2025

அன்பு மகள் ஆரிஃபாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

அல்லாஹ் கிருபையால் சுகம். முட்டிவலி அப்படியே இருக்கிறது. நான்கு நாளாக மழை. மில் களத்தில் நெல்லைக் காயப்போட முடியாமல் மூடி வைத்திருக்கிறார்கள். உன் பெரியம்மா உனக்கு இட்லி அரிசி எடுத்து வைத்திருக்கிறாள். நஸ்ருல்லா சின்னப்பையன், வாய் அப்படி, மனசில் ஒன்றுமில்லை.

பழைய பேப்பரை எல்லாம் ஏன் கிளறுகிறாய்? உன் அத்தா கனிக்காக யாசீன் ஓது. அதுதான் போய்ச் சேரும்.

பெரியத்தா

*

பாலக்கரை
20.11.2025

பெரியத்தாவுக்கு, ஸலாம்.

நான் கேட்டது ஒன்று. நீங்கள் எழுதியது மழையும் முட்டியும் இட்லி அரிசியும். நாற்பது வயது ஆளை இன்னும் சின்னப்பையன் என்கிறீர்கள். உங்களோடு மாரடிக்க எனக்குத் தெம்பில்லை.

ரிக்கார்டு ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டது. முகம்மது கனி என்று யாரும் இல்லையாம். அந்த நம்பருக்கு உரியவர் பேர் அப்துல் மாலிக். தகப்பன் பேர் காதர் ராவுத்தர், ஊர் மண்ணச்சநல்லூர். பட்டாளத்தில் லாரி டிரைவர். எழுபதில் சேர்ந்து, எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் இருந்து, எழுபத்தேழில் விலகியவர்.

உங்கள் அத்தா, என் தாதா காதர் ராவுத்தருக்கு எத்தனை அப்துல் மாலிக்? எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் சைக்கிள் தவிர எதையும் ஓட்டி நான் பார்த்ததில்லை.

சண்முகசுந்தரம் சார் ஒரு வழி சொன்னார். "முகம்மது கனியும் அப்துல் மாலிக்கும் ஒரே ஆள்தான், அவரு இறந்துட்டாருன்னு உறுதிமொழி எழுதிக் குடுங்க. உங்க அத்தா பேரையே வாசிச்சிடறேன்." உங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. அந்த உறுதிமொழிப் பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். உங்களை மௌத்தாக்கித்தான் அத்தாவை மிலிட்டரிக்காரராக்க வேண்டுமாம். செய்யட்டுமா? இதற்காவது வாயைத் திறப்பீர்களா?

ஆரிஃபா

*

மண்ணச்சநல்லூர்
29.11.2025

ஆரிஃபாவுக்கு,

உன் கடிதத்தைப் பெரியம்மாவுக்குத் தெரியாமல் மூன்று தடவை படித்தேன்.

கனி போனது உண்மை. அப்போது அவனுக்குப் பதினாறு வயது, எட்டாவதில் பெயில். எனக்குப் பத்தொன்பது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நம் தெருவில் நான்தான் முதல். திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் சர்ட்டிபிகேட்டோடு போய்விட்டான். நான் கொடுத்தேன் என்று நினைக்காதே. பெட்டிப் பூட்டை நெம்பி எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வருஷம் பொன்மலை ரயில்வேயில் கூப்பிட்டார்கள். சர்ட்டிபிகேட் எங்கே என்றார்கள். அதே பேரில் பட்டாளத்தில் இருக்கிறவன் இங்கே எப்படி வந்து நிற்பான்? உன் தாதா, "சொன்னா அவனைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்கடா, மாலிக்" என்று அழுதார். நான் மில்லில் மூட்டை தூக்கப் போனேன். முப்பத்தெட்டு வருஷம்.

நஸ்ருல்லா சொன்னபோது எனக்கு வாய்வரை வந்தது. பொய் இல்லை என்று சொன்னால் திருட்டு என்றும் சொல்ல வேண்டும். குழி ஈரம் காயவில்லை. கதை விட்டவனாகவே போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பாரத்தை நிரப்பியிருக்கிறேன். என்னை மௌத்தாக்கிவிடு. எனக்கு அந்தப் பேரால் ஒரு ஆதாயமும் இருந்ததில்லை. சாட்சிக் கையெழுத்தும் நானே போட்டிருக்கிறேன்.

பெரியத்தா

*

பாலக்கரை
8.12.2025

அன்புள்ள பெரியத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

செத்தவர் எங்கேயாவது தன் மௌத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போடுவாரா? எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஆள்தானே நீங்கள்! சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் அந்தப் பாரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஒருத்தரை அடக்கம் பண்ணிவிட்டு இன்னும் நிமிரவில்லை. இன்னொருத்தருக்கு என்னால் ஆகாது.

இரண்டு நாள் அத்தா மேல் அப்படி ஒரு கோபம். மௌத்தானவரோடு எப்படிச் சண்டை போடுவது? பனியனைக் கொடியிலிருந்து எடுத்து, துவைத்து, மறுபடியும் கொடியிலேயே போட்டேன்.

சண்முகசுந்தரம் சாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "பேப்பர்ல உள்ள பேரைத்தாம்மா வாசிப்பேன். வந்து சால்வை வாங்குறது யாருன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். அப்துல் மாலிக் என்றே வாசிக்கட்டும். ஏழு வருஷம் அந்தப் பேரில் லாரி ஓட்டினவரும் நம்ம ஆள், ஐம்பது வருஷம் அந்தப் பேரில் வாங்கின சர்ட்டிபிகேட்டைப் பற்றி வெளியே சொல்ல முடியாமல் இருந்தவரும் நம்ம ஆள்.

நஸ்ருல்லாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். பூட்டை நெம்பினதையும் சேர்த்தே சொல்லுங்கள். கதை விட்டவர் என்று கேட்பதற்கு, திருடிக்கொண்டு போனவர் என்று கேட்பது எனக்குத் தேவலை. போனார் இல்லையா, அது போதும்.

பதினாறாம் தேதி காலையில் பஸ் ஏறி நேரே சத்திரம் பேருந்து நிலையம் வந்துவிடுங்கள். நஸ்ருல்லாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் சேர்ந்து ஸ்ரீரங்கம் போவோம். போகும் வழியில் அவனிடம் சொல்லிவிடுங்கள். மேடையில் அந்தப் பேரைக் கூப்பிடும்போது நீங்கள் எழுந்துவிடாதீர்கள். நானும் எழ மாட்டேன். நஸ்ருல்லா போய் வாங்கட்டும்.

உங்கள் மகள்
ஆரிஃபா